கண் காணும், மூளை அறியாது

புனே நகரம் தக்காணப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்திற்குச் சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கு விடியற்காலைக் குளிர் மிகுதி. வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் செல்வோர் வெந்நீரில் குளித்த பின்னரே வீட்டைவிட்டுப் புறப்படுவர். அடுக்குமாடி வீடுகளின் சிறிய குளியலறைகள் பலவற்றில், சமையல் எரிவாயுவைக் கொண்டு நீரைச் சூடாக்கும் கீசர் என்னும் கருவி சுவரில் மாட்டப்பட்டிருக்கும். குளிர்காற்று உள்ளே புகாதிருக்கும் பொருட்டுச் சன்னலை அடைத்து, கதவைத் தாழிட்டு, கீசரை ஏற்றிவிட்டுக் குளிக்கத் தொடங்குவது பலரது வழக்கம். அவ்வாறு குளிக்கச் சென்றவர்கள் மயங்கி வீழ்ந்ததும், சிலர் உயிரிழந்ததும் புனே, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களிலிருந்து செய்தித்தாள்களில் பன்முறை வெளிவந்துள்ளன.

உயிரிழப்பின் கொடுமையை யாவரும் அறிவர். உயிர் பிழைத்தோரிற் சிலருக்கு நேரக்கூடிய மற்றோர் இழப்பினை அறிந்தவர் சிலரே. அவர்தம் கண்கள் பழுதின்றி இருக்கும்; ஒளியும் நிறமும் தெரியும்; பேச்சும் நினைவும் குன்றா. ஆயினும் எதிரே இருப்பது சீப்பா, சாவியா, தேநீர்க் கோப்பையா என்பதைப் பார்த்து அறியும் ஆற்றல் மட்டும் அவர்களை விட்டு நீங்கிவிடுகிறது. மருத்துவ நூலார் இதனைக் 'காட்சி அக்னோசியா' என்பர். தமிழில் 'காட்சி அறிவிழப்பு' எனலாம். இது அரிதான நோயே. ஆனால், அரிதாயிருப்பதனாலேயே இது கண் நோய் என்றும், மறதி என்றும், சில வேளைகளில் பாசாங்கு என்றும் தவறாகக் கொள்ளப்படுகிறது. ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் இதனைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

மணமற்ற நஞ்சு

எரிவாயு நன்கு எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். அடைத்த அறையில் அது விரைவில் குறைந்துபோகிறது. அப்பொழுது எரிதல் முற்றுப்பெறாமல் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்கே நம்மை எச்சரித்துவிடும். ஏனெனில், அந்த நோக்கத்துடனேயே அதில் நாற்றமுள்ள பொருள் ஒன்று கலக்கப்படுகிறது. எரிந்து முடியாத வாயுவிலிருந்து பிறக்கும் நஞ்சிற்கோ அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை. "கசிவு நாற்றம் இல்லையே, எனவே ஆபத்தும் இல்லை" என்று கருதுவது பெரும் பிழை.

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின் என்னும் பொருள். அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் கார்பன் மோனாக்ஸைடைப் பிடித்துக்கொள்ளும். வண்டியின் இருக்கைகளையெல்லாம் அழையா விருந்தாளி கைப்பற்றிக்கொண்டால், ஏறவேண்டியவர் நிலையத்திலேயே நின்றுவிட நேரும் அல்லவா? அதுபோலவே இங்கும் பிராணவாயு உறுப்புகளைச் சென்றடைய இயலாது போகிறது. முதலில் வாடுவது மூளை. உடல் எடையில் 100-க்கு 2 பங்கே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கைக் கொள்கிறது. எனவேதான் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை முதற்குறிகளாகத் தோன்றுகின்றன. அவற்றைத் தொடர்ந்து மயக்கம் வருகிறது.

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் கெடுவதில்லை. பிராணவாயுக் குறையினைத் தாங்காத இடங்களுள், பிடரிப்புறத்தில் பார்வைக்கென அமைந்த பகுதியும் ஒன்று. காட்சி அறிவிழப்புக்கும் குளியலறைக் கீசருக்கும் உள்ள தொடர்பு இதுவே. இந்நோயைப் பற்றி உலகிற்கு மிகுதியும் உணர்த்திய ஒரு பெண்மணியின் வரலாறும் குளியலறையில்தான் தொடங்குகிறது.

டி. எஃப். என்னும் பெண்மணி

ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த அப்பெண்மணி 1988-ஆம் ஆண்டில் வடக்கு இத்தாலியில் வாழ்ந்துவந்தார். அப்போது அவருக்கு வயது 34. குளித்துக்கொண்டிருந்தபோது, புகைபோக்கி சரிவர அமையாத வெந்நீர்க் கருவியிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்ஸைடு அவரை மயக்கத்தில் ஆழ்த்தியது. உயிர் பிழைத்தார். அவரது பெயரை வெளியிடாமல், டி. எஃப். என்னும் எழுத்துகளால் மட்டுமே அறிவியல் ஏடுகள் அவரைக் குறிப்பிடுகின்றன.

அவருக்கு நிறங்கள் தெரிந்தன. ஒரு பொருளின் மேற்பரப்பு உலோகமா, மரமா, நெகிழியா என்பதையும் பார்த்தே சொல்ல முடிந்தது. வடிவம் மட்டும் விளங்கவில்லை. கைவிளக்கு ஒன்றைக் காட்டியபோது, அது அலுமினியத்தால் ஆனது என்றும், சிவப்பு நெகிழிப் பகுதி உடையது என்றும் கூறினார். ஆனால், சமையலறைக் கருவியோ என்று ஐயுற்றார். கையில் கொடுத்தவுடன், கைவிளக்கு என்று தயக்கமின்றிச் சொன்னார். ஆப்பிள் ஒன்றை நினைவிலிருந்து வரையச் சொன்னால் வரைவார். சற்று நேரம் கழித்து அவர் வரைந்த படத்தையே அவரிடம் காட்டினால் அது இன்னதென்று அவருக்குத் தெரியாது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் டேவிட் மில்னரும், அவருடன் இணைந்து பணியாற்றிய கனடா நாட்டு அறிஞர் மெல்வின் குட்டேலும் அவரைப் பன்முறை ஆராய்ந்தனர். ஒரு சோதனையில், அஞ்சற்பெட்டியின் வாய் போன்ற நீண்ட துளையுள்ள வட்டத் தகடு ஒன்று அவர்முன் வைக்கப்பட்டது. துளையை நேராகவும், கிடையாகவும், சாய்வாகவும் திருப்பலாம். கையிலுள்ள அட்டையைத் துளையின் சாய்வுக்கு இணையாகப் பிடித்துக் காட்டும்படி கேட்டபோது அவர் பெரிதும் தவறினார். அதே அட்டையை அத்துளைக்குள் போடும்படி கேட்டபோதோ, கை துளையை நோக்கிச் செல்லும்போதே மணிக்கட்டு உரிய அளவு திரும்பியது. ஏனையோரைப் போலவே அவரும் அட்டையைச் சரியாக உள்ளே செலுத்தினார். துளை எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால், அவரது கைக்குத் தெரிந்திருந்தது!

இச்சோதனையின் முடிவு 1991-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மூளையில் பார்வைச் செய்திகள் இரு வழிகளில் செல்கின்றன என்னும் கருத்துக்கு இது வலுவான சான்றாயிற்று.

இரு வழிகள்

விழித்திரையில் விழும் உருவம் நரம்புத் துடிப்புகளாக மாறுகிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகள் அத்துடிப்புகளை உள்ளே எடுத்துச் செல்கின்றன. அவை நடுமூளையை அடுத்த ஓர் இடைநிலையத்தைக் கடந்து, பிடரிப்புறத்திலுள்ள பார்வைப் புறணியை அடைகின்றன. அங்கே கோடு, விளிம்பு, நிறம், அசைவு எனக் கூறுகூறாக அவை பகுக்கப்படுகின்றன.

அங்கிருந்து ஒரு வழி கீழாகச் சென்று பொட்டுப்புற மடலை அடைகிறது. 'இது யாது?' என்னும் வினாவிற்கு விடை காண்பது இதன் பணி. மற்றொரு வழி மேலாகச் சென்று உச்சிப்புற மடலை அடைகிறது. பொருள் எங்கே உள்ளது, அதனை எவ்வாறு பிடிப்பது என்று கையையும் காலையும் நடத்துவது இதன் பணி. இவ்விரு வழிகளையும் குரங்குகளின் மூளையில் ஆராய்ந்து, அமெரிக்க அறிஞர்களான அங்கர்லைடரும் மிஷ்கினும் 1982-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தனர். டி. எஃப். என்பாருக்குக் கீழ்வழி இருபுறமும் பழுதுற்றிருந்தது. மேல்வழி பெரும்பாலும் காக்கப்பட்டிருந்தது. இதனாலேயே அவரால் மேசையிலுள்ள பொருளை எடுக்க முடிந்தது; எடுப்பதற்கு முன் அது இன்னதென்று சொல்ல மட்டும் முடியவில்லை.

இதிலிருந்து களப் பணியாளர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒருவர் தடுமாறாமல் நடந்து வருகிறார், நீட்டிய பொருளை ஒழுங்காக வாங்கிக்கொள்கிறார் என்பதனாலேயே, 'எனக்கு இன்னதென்று தெரியவில்லை' என்று அவர் சொல்வது பொய்யாகிவிடாது.

பெயர் வந்த வரலாறு

இந்நோயின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. பெர்லின் நகரத்து உடலியல் அறிஞர் ஹெர்மன் முங்க், பிடரி மடலின் ஒரு பகுதி நீக்கப்பட்ட நாய்களைக் கூர்ந்து நோக்கினார். அவை எதிரிலுள்ள தடைகளில் மோதாமல் விலகி நடந்தன. ஆனால், முன்னே வைத்த உணவையும் நீரையும் இன்னவை என்று அறிந்தன அல்ல. இதனை அவர் 'மனக்குருடு' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லால் குறித்தார்.

1890-ஆம் ஆண்டில், பிரெஸ்லாவ் நகரத்து இளம் மருத்துவர் ஹைன்ரிக் லிஸ்ஸாவர் இத்தகைய நிலைக்கு உள்ளான 80 வயது வணிகர் ஒருவரைப் பற்றி விரிவாக எழுதினார். பார்த்தறிதல் இரு படிகளில் நிகழ்கிறது என்பது அவரது கருத்து. கோடுகளையும் விளிம்புகளையும் இணைத்து ஒரு வடிவமாக அமைத்துக்கொள்வது முதற்படி. அவ்வடிவத்தை, முன்னர்ப் பெற்ற அறிவுடன் பொருத்திப் பார்த்துப் பொருள் கொள்வது இரண்டாம் படி. முதற்படி கெட்டவர் ஒரு படத்தைப் பார்த்து வரையவும் இயலாதவர். இரண்டாம் படி கெட்டவர் படத்தை அப்படியே பார்த்து வரைந்துவிடுவார். வரைந்தது எதனை என்று மட்டும் அறியார். இப்பாகுபாடு இன்றளவும் மருத்துவ நூல்களில் வழங்கிவருகிறது.

'அக்னோசியா' என்னும் பெயரை 1891-ஆம் ஆண்டில் வழங்கியவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்டு. பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற அவர், அக்காலத்தில் நரம்பு நோய் மருத்துவராக இருந்தார். கிரேக்க மொழியில் 'க்னோசிஸ்' என்றால் அறிவு. முன்நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும். வடமொழியின் 'ஞானம்' என்னும் சொல்லும் இதனுடன் ஒரே வேரில் பிறந்தது. ஆகவே, தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'அஞ்ஞானம்' என்னும் சொல்லும் 'அக்னோசியா'வும் உடன்பிறப்புகளே ஆகும்.

மரம் தெரியும், தோப்பு தெரியாது

லிஸ்ஸாவர் கூறிய இரு படிகளுக்கும் இடைப்பட்ட நிலை ஒன்றுண்டு என்பதை இங்கிலாந்து நாட்டவர் ஒருவரின் நிலை விளக்கியது. எச். ஜே. ஏ. என்று நூல்களில் குறிக்கப்படும் அவருக்கு 1981-ஆம் ஆண்டில், அறுவை மருத்துவம் ஒன்றினைத் தொடர்ந்து மூளையின் பின்புற இரத்தக் குழாய்களில் தடை ஏற்பட்டது. அதன் பின்னர் அவர் மனைவியையும் முகத்தால் அறிய இயலாமல், குரலைக் கேட்டே அறிந்தார். காரட் கிழங்கு எத்தகையது என்று கேட்டால், அதன் நிறம், வடிவம், பயிரிடும் முறை, சமைக்கும் முறை யாவற்றையும் கூறுவார். காரட்டின் படத்தைக் காட்டினாலோ அறியமாட்டார். இலண்டனிலுள்ள தூய பவுல் பேராலயத்தின் படத்தினை ஏறத்தாழ 6 மணி நேரம் உழைத்துக் கோட்டுக்குக் கோடு பார்த்து வரைந்தார். ஆயினும், தாம் வரைந்தது அப்பேராலயம் என்று பார்வையால் அவரால் உணர முடியவில்லை.

கிளின் ஹம்ஃப்ரீஸ், ஜேன் ரிட்டாக் என்னும் உளவியல் அறிஞர்கள் அவரை ஆராய்ந்து 1987-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினர். உறுப்புகள் தனித்தனியே தெரிகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து முழுமையாகக் கொள்ளும் ஆற்றலே குறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தாலோ, விரைந்து காட்டப்பட்டாலோ அவருக்கு இடர்ப்பாடு மிகுந்தது.

இழப்பு எல்லோருக்கும் ஒரே வகையாக அமைவதில்லை. சிலருக்கு முகங்கள் மட்டும் அடையாளம் தெரியாமற் போகும். இதற்கு 1947-ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் போடாமர் தனிப்பெயர் வழங்கினார். இதற்கு நேர்மாறாக, வண்டி மோதித் தலையில் அடிபட்ட கனடா நாட்டவர் ஒருவருக்கு முகங்கள் நன்கு தெரிந்தன, பொருள்கள் தெரியவில்லை. காய்கனிகளை அடுக்கி மனித முகம்போல் அமைத்த இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்டோவின் படத்தைக் காட்டியபோது, அவர் முகத்தைக் கண்டார், காய்கனிகளைக் காணவில்லை. அவரைப் பற்றிய ஆய்வு 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முகங்களுக்கும் பொருள்களுக்கும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன என்பதற்கு இத்தகையோர் சான்றாவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் ஆராய்ச்சி நடத்திய வி. எஸ். இராமச்சந்திரன், மூளை பழுதுற்றோரின் இவ்வகை அனுபவங்களைக் கொண்டு பார்வையின் இயல்பைப் பொதுமக்களுக்கு எடுத்து விளக்கியவருள் ஒருவர்.

இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வு

மூளை பழுதுற்று அறிவு நீங்குவது ஒருபுறம் இருக்க, கண் திறந்த பின்னும் அறிவு உடனே தோன்றாத நிலை மற்றொருபுறம் உள்ளது. இது அக்னோசியா அன்று; எனினும் அதற்கு நெருங்கிய உறவுடையது. இத்துறையில் முதன்மையான ஆய்வுகள் இந்தியாவிலேயே நிகழ்ந்துள்ளன.

அயர்லாந்து நாட்டு அறிஞர் வில்லியம் மோலினோ, 1688-ஆம் ஆண்டில் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு வினா எழுதியனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டறிந்து பழகியிருக்கிறார். அவருக்குத் திடீரெனப் பார்வை கிடைத்தால், தொடாமலே எது கனசதுரம், எது கோளம் என்று கண்ணால் சொல்லக் கூடுமா? இவ்வினா 300 ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவான விடையின்றி நின்றது.

தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பிறவிக் கண்புரையால் பார்வை இழந்த இந்தியச் சிறுவர்களுக்குத் தில்லி ஷிராஃப் கண் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்வித்து, பின்னர் அவர்களது பார்வை வளர்வதை ஆராய்வது அத்திட்டத்தின் நோக்கம். 8 முதல் 17 வயது வரையுள்ள ஐவரைச் சோதித்த முடிவு 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பார்த்த பொருளைப் பார்வையாலும், தொட்ட பொருளைத் தொடுதலாலும் அவர்கள் நன்கு இனங்கண்டனர். தொட்ட பொருளைப் பார்வையால் இனங்காண்பதில் மட்டும் 100-க்கு 58 முறையே சரியாகக் கூறினர்; வெறும் ஊகத்தாலேயே 50 முறை சரியாகிவிடும். ஆகவே மோலினோவின் வினாவிற்கு விடை 'கூடாது' என்பதே. ஆனால், சில நாட்களிலேயே அவர்களிடம் பெரும் முன்னேற்றம் காணப்பட்டது.

இதற்கு முன்னர், 2009-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 29 வயதில் கண்ணாடி பெற்று முதன்முறையாகத் தெளிவாகக் காணத் தொடங்கிய ஒருவர் இடம்பெற்றார். வட்டமும் சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட படத்தைக் காட்டினால், கோடுகள் வெட்டும் இடந்தோறும் தனித்தனித் துண்டுகள் இருப்பதாகவே அவர் எண்ணினார். கோளத்தின் மேலுள்ள நிழலையும் வேறொரு பொருளாகக் கொண்டார். ஆனால், படத்திலுள்ள வடிவம் அசைந்தவுடன், சேர்ந்து அசைவன யாவும் ஒரே பொருள் என்று உணர்ந்து சரியாகக் கூறினார். மாதங்கள் பல சென்றபின், அசையாத படங்களிலும் அவரது திறன் வளர்ந்தது. அசைவே மூளைக்கு முதல் ஆசிரியன் என்பது இதனால் விளங்குகிறது. வகுப்பறையில் படத்தைச் சுவரில் தொங்கவிடுவதோடு நில்லாமல், பொருளை அசைத்துக் காட்டுவதற்கும், மாணவர் கையில் கொடுப்பதற்கும் இதனைவிடச் சிறந்த ஆதரவு வேண்டுவதில்லை.

பிற காரணங்கள்

கார்பன் மோனாக்ஸைடு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் அன்று. மூளையின் பின்புறத்தைப் பற்றும் பக்கவாதம், தலைக்காயம், மூளையழற்சி, கட்டி ஆகியவையும் காரணங்களாகலாம். இருசக்கர வண்டிகள் மலிந்த புனே போன்ற நகரங்களில் தலைக்கவசம் உயிரை மட்டுமன்றி, உலகைக் கண்டறியும் ஆற்றலையும் காக்கின்றது.

முதியோரிடையே மற்றொரு வகை உண்டு. மூளையின் பின்பகுதி மெல்ல மெல்லச் சுருங்குவதால், நினைவு நன்றாக இருக்கும்போதே பார்த்தறியும் திறன் குறைந்துவருகிறது. அமெரிக்க மருத்துவர் பிராங்க் பென்சன் 1988-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். இத்தகையோர் புதுக் கண்ணாடி வேண்டிக் கண் மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் செல்வர். கண்ணில் குறை இல்லை என்று தெரிந்த பின்னரும் பார்வைத் தொல்லை நீடிப்பின், நரம்பியல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் காணத்தக்கவை

பிறக்கும்போது பிராணவாயுக் குறைவுற்ற குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் மூளை சார்ந்த பார்வைக் குறை ஏற்படுவதுண்டு. அவர்களுட் சிலருக்குக் கண் பரிசோதனையில் பெருங்குறை எதுவும் தோன்றாது. எனவே வகுப்பில் 'மந்தன்', 'கவனமற்றவன்' என்று பெயர் பெற்றுவிடுகின்றனர். கீழ்க்காணும் குறிகள் சேர்ந்து தென்பட்டால் ஆசிரியர் ஐயுற வேண்டும்.

தனித்து வைத்த பொருளை எடுக்கும் குழந்தை, பல பொருள்கள் குவிந்த பெட்டியில் அதனைக் காண மாட்டாது. வெற்றுத்தாளில் எழுதிய ஒரு சொல்லைப் படிக்கும். நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தில் தடுமாறும். நண்பர்களைக் குரலாலும் சட்டை நிறத்தாலும் அறியும். சீருடை அணிந்த கூட்டத்தில் தேடித் திகைக்கும். பொருளைப் பார்த்துப் பெயர் சொல்லாது, தொட்டவுடன் சொல்லும். ஒரு நாள் தெரிந்தது மறுநாள் தெரியாதது போல் நடந்துகொள்ளும்.

இவர்களுக்கு ஆசிரியர் செய்யக்கூடிய உதவி எளியது, செலவற்றதுங்கூட. ஒரு வேளைக்கு ஒரு பொருளையே காட்டுதல். பின்புலத்தை ஒரே நிறமாக வைத்தல். பக்கத்தில் மற்ற வரிகளை அட்டையால் மறைத்தல். பொருளைத் தொட்டும் ஒலி கேட்டும் அறியவிடுதல். புத்தகம், பை, குவளை முதலியவற்றிற்கு மாறாத இடமும் தனி நிறமும் அமைத்தல். பெயர் சொல்லி அழைத்த பின்னரே பேசத் தொடங்குதல் ஆகிய இவையே போதும். பிள்ளைகளின் உடல்நலக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவதற்காக 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியப் பாலர் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும்போது, ஆசிரியர் தாம் கண்டவற்றைக் குறித்து வைத்துக் கூறுதல் பெரும் பயன் தரும். சில நிமிடங்களே பிள்ளையைக் காணும் மருத்துவருக்கு, ஆண்டு முழுவதும் காணும் ஆசிரியரின் குறிப்பைக் காட்டிலும் நல்ல கருவி வேறில்லை.

களப் பணியாளருக்கு ஒரு வழிமுறை

வயது வந்தோரிடம் ஐயம் எழுந்தால், சாவி, சீப்பு, கரண்டி, தீப்பெட்டி போன்ற நாளும் பழகும் பொருள்களைக் கொண்டு முதற்கட்டமாக அறியலாம். முதலில் அவருக்கு ஒளியும் நிறமும் தெரிகின்றனவா என்றும், வழக்கமாக அணியும் கண்ணாடியை அணிந்துள்ளாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பொருளை ஓசையின்றிக் காட்டி, இது யாது என்று கேட்க வேண்டும். சொல்ல இயலாவிடில், அதனைப் பயன்படுத்தும் விதத்தைக் கையசைவால் காட்டச் சொல்ல வேண்டும். அதனைச் செய்தால், பொருளை அறிந்திருக்கிறார். பெயரே வரவில்லை என்பது பொருள். அதுவும் இயலாவிடில், கண்ணை மூடச் செய்து பொருளைக் கையில் கொடுக்க வேண்டும், அல்லது சாவிக்கொத்தைக் குலுக்கி ஒலிக்கச் செய்ய வேண்டும். பார்த்தறியாததைத் தொட்டோ கேட்டோ உடனே அறிவாராயின், காட்சி அறிவிழப்பு இருக்கக்கூடும். தொட்டும் அறியாவிடில் மறதி நோய் முதலிய பிற காரணங்களை எண்ண வேண்டும். இது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அன்று. மருத்துவரிடம் அனுப்புவதற்கு உரிய காரணத்தைத் தெளிவாக்கும் முறையே ஆகும்.

பார்வைக் கோளாறு திடீரென்று தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தினைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். உடனே 108 எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்தல் வேண்டும்.

கீசர் அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவையும் சன்னலையும் திறந்து, கருவியை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். மீட்பவர் நச்சுக் காற்றில் நெடுநேரம் நிற்றல் கூடாது. மருத்துவமனையில் தூய பிராணவாயு அளிப்பதே முதல் மருத்துவம். வெறுங்காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். தூய பிராணவாயுவை அளித்தால் சுமார் ஒன்றரை மணி நேரமே ஆகும். இங்கே ஓர் எச்சரிக்கை: விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் சாதாரணக் கருவி, கார்பன் மோனாக்ஸைடு பற்றிய ஹீமோகுளோபினையும் நல்லதாகவே எண்ணிக் காட்டும். அதன் எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. 'குளியலறையில் கீசர் எரிந்துகொண்டிருந்தது' என்னும் செய்தியை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். நலமடைந்து வீடு திரும்பியவரிடமும் சில வாரங்கள் வரை மறதி, தடுமாற்றம், பார்த்தறிவதில் குறை ஆகியவை தோன்றுகின்றனவா என்று கவனித்தல் நன்று.

வருமுன் காத்தல்

இழந்த காட்சி அறிவினை மீட்கும் மருந்து இல்லை. சிலர் ஓரளவு தேறுகின்றனர். டி. எஃப். என்பாரைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் அக்குறை நீங்கியிருக்கவில்லை. நிறம், பரப்பு, தொடுதல் ஆகியவற்றின் துணையால் அவர் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். நோயுற்றோருக்கு இல்லத்தார் அளிக்கத்தக்க உதவியும் இதுவே. பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தல், மருந்துப் புட்டிகளில் தொட்டறியத்தக்க குறியிடுதல், அறைக்குள் வரும்போது குரல் கொடுத்தல் ஆகியன சிறு செயல்களே. ஆனால், தம் மகனின் முகம் தெரியாமல் நிற்கும் தாய்க்கு, "அம்மா, நான் வந்துவிட்டேன்" என்னும் ஒரு குரல் எவ்வளவு பெரிய ஆறுதல்!

வருமுன் காக்கும் வழியோ மிக எளிது. எரிவாயுக் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் அமைக்க வேண்டும். புகையை வெளியேற்றும் குழாய் அடைபடாதிருக்க வேண்டும். முன்பே அறைக்குள் பொருத்தியிருந்தால், வாளியில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, அறையில் காற்று மாறிய பின்னரே குளிக்க வேண்டும். ஒருவர்பின் ஒருவராக நெடுநேரம் குளிக்கும் நாட்களில் இதில் தனிக் கவனம் வேண்டும். கருவியை ஆண்டுதோறும் தேர்ந்த பணியாளரைக் கொண்டு பார்வையிடச் செய்தல் நன்று.

மக்களிடையே செல்லும் பணியாளர் புனேயில் இருப்பினும், உதகையிலோ ஓசூரிலோ இருப்பினும், குளிர்காலம் தொடங்குமுன் வீடுதோறும் கூறத்தக்க செய்தி ஒன்றே: குளியலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள். அதன் வழியே வரும் குளிர்காற்று சிறிது நேரம் உடலை நடுங்கச் செய்யும்; மூளையின் பார்வையையோ அது வாழ்நாள் முழுதும் காக்கும்.